மாநில மீன்

மாநில மீன் என்பது ஒரு மாநிலத்தின் அடையாளமாக அம்மாநில அரசால் அறிவிக்கப்படும் மீன் இனம் ஆகும். மாநில விலங்கு, மாநிலப் பறவை, மாநில மலர், மாநில மரம் ஆகியவற்றைப் போன்று இதுவும் மாநிலச் சின்னங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. பொதுவாக, அந்நிலப்பகுதியின் ஆறு, ஏரி, கழிமுகம் அல்லது கரையோரக் கடலில் இயற்கையாக வாழும் நாட்டு மீன் ஒன்றே இதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இந்தியாவில் கேரளம், மேற்கு வங்காளம், மணிப்பூர், குசராத்து முதலிய பல மாநிலங்கள் தமக்கென மாநில மீனைக் கொண்டுள்ளன. தமிழ்நாட்டின் மாநிலச் சின்னங்களுள் மீன் இடம்பெறவில்லை. எனினும், மீனை அரச சின்னமாகக் கொண்டிருந்த பாண்டியரின் தலைநகரான மதுரை இம்மாநிலத்திலேயே அமைந்துள்ளது. மதுரையைச் சூழ்ந்த சமவெளியின் கண்மாய்களில் நாட்டு மீன்கள் இன்றும் வாழ்கின்றன. ஆகவே மாநில மீன் என்ற கருத்தை விளங்கிக்கொள்ள இப்பகுதி சிறந்த எடுத்துக்காட்டாக அமைகிறது.

கருத்தும் நோக்கமும்

இந்தியாவின் தேசியப் பறவையாக மயில் 1963 ஆம் ஆண்டிலும், தேசிய விலங்காகப் புலி 1973 ஆம் ஆண்டிலும் அறிவிக்கப்பட்டன. கங்கை ஓங்கில் 2009 ஆம் ஆண்டில் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஓங்கில் ஒரு பாலூட்டியே அன்றி மீன் அன்று. மீன்களுக்கெனத் தனியே சின்னம் வேண்டும் என்னும் கருத்தை, 1983 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, இலக்னோ நகரில் அமைந்துள்ள தேசிய மீன் மரபுவளப் பணியகம் மாநிலங்களிடையே முன்னெடுத்தது.

இதன் அடிப்படை எளிமையானது. புலி, யானை போன்ற பெரிய விலங்குகள் மக்களின் கவனத்தை எளிதில் ஈர்க்கின்றன. மீன்களோ நீருக்கடியில் வாழ்வதால் அவை குறைவதும் அழிவதும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒரு மீன் இனத்தை மாநிலத்தின் அடையாளமாக உயர்த்தினால், அம்மீனைப் பற்றியும் அது வாழும் நீர்நிலையைப் பற்றியும் மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படும் என எதிர்பார்க்கப்படுகிறது. இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. எனவே இத்தகைய அறிவிப்பை வெளியிடுவதும் அதையொட்டிய திட்டங்களை வகுப்பதும் மாநில அரசுகளின் பொறுப்பில் உள்ளன.

இந்திய மாநிலங்களின் மீன்கள்

மாநில மீன்களுள் சில வருமாறு:

- கேரளம்: கரிமீன். 2010 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. உப்பங்கழிகளில் வாழ்வது.
- தெலங்காணா: விரால். தெலுங்கில் கொர்ரமீனு எனப்படுகிறது.
- மேற்கு வங்காளம்: இலிசா என்னும் உல்லம் மீன். வங்காளதேசத்தின் தேசிய மீனும் இதுவே.
- பீகார்: மாகூர் கெளுத்தி.
- உத்தரப் பிரதேசம்: சித்தல் மீன்.
- உத்தராகண்டம், இமாச்சலப் பிரதேசம்: பொன் மகசீர்.
- ஒடிசா: மகாநதி மகசீர்.
- மணிப்பூர்: பெங்பா.
- சிக்கிம்: கட்லே. 2021 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.
- மகாராட்டிரம்: வெள்ளை வாவல். 2023 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.
- குசராத்து: கோல் மீன். 2023 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

இப்பட்டியலில் இருந்து இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, தேர்வுக்கான காரணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கரிமீன் உணவு மரபாலும், கோல் மீன் ஏற்றுமதி மதிப்பாலும், மகசீர் அழியும் நிலையில் இருப்பதாலும் தேர்ந்தெடுக்கப்பட்டன. இரண்டாவது, மாநில எல்லைகளை மீன்கள் அறிவதில்லை. இமயமலை ஆறுகளில் வாழும் பொன் மகசீர் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களின் சின்னமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்க மாநிலங்கள் பலவற்றுக்கு மாநில மீன்கள் உள்ளன. அவற்றுள் அவாய் மாநிலத்தின் வரலாறு குறிப்பிடத்தக்கது. பவளப்பாறைகளில் வாழும் ஹுமுஹுமுநுக்குநுக்குஆப்புவாஆ என்னும் மிக நீண்ட பெயருடைய மீன் 1985 ஆம் ஆண்டில் அம்மாநில மீனாக அறிவிக்கப்பட்டது. அச்சட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியானது என்பதால் 1990 ஆம் ஆண்டில் அத்தகுதி காலாவதியானது. 2006 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட சட்டம் அதனை நிலையாக மீட்டளித்தது. சின்னம் என்பது மக்களின் விருப்பத்தால் மட்டுமன்றி, முறையான சட்டத்தாலும் ஆணையாலும் நிலைபெறுகிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

தமிழ்நாட்டின் சின்னங்கள்

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு, மாநிலப் பறவை மரகதப் புறா, மாநில மலர் காந்தள், மாநில மரம் பனை ஆகும். 2019 ஆம் ஆண்டில் தமிழ் மறவன் என்னும் வண்ணத்துப்பூச்சி மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படும் இப்பூச்சி பொதுமக்களால் அதிகம் அறியப்படாத ஒன்றாக இருந்தது. அறிவிப்புக்குப் பின்னர் பாடநூல்களிலும் போட்டித் தேர்வுகளிலும் இடம்பெறும் பெயராக அது மாறியது. புதிய சின்னங்களைச் சேர்ப்பதற்குத் தடை ஏதும் இல்லை என்பதையும், ஒரு சிறிய உயிரினம் கூட அறிவிப்பினால் அறிமுகம் பெறும் என்பதையும் இது காட்டுகிறது.

பாண்டியரின் கயல்

மூவேந்தருள் சேரர் வில்லையும், சோழர் புலியையும், பாண்டியர் மீனையும் தம் சின்னங்களாகக் கொண்டிருந்தனர். பாண்டியரின் கொடி மீன்கொடி எனப்பட்டது. சங்ககாலத்தைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் சதுர வடிவப் பாண்டியர் செப்புக் காசுகளின் பின்புறத்தில் கோடுகளால் அமைந்த மீன் உருவம் காணப்படுகிறது. "பெருவழுதி" என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட காசுகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. இடைக்காலப் பாண்டியர் காலத்தில் இரண்டு மீன்கள் இணையாக நிற்கும் இணைக்கயல் வடிவம் பெருவழக்குப் பெற்றது. கோயில் விதானங்களிலும் சுவர்களிலும் இதனைக் காணலாம். இலங்கையின் திருகோணமலையில் உள்ள பிரெடரிக் கோட்டையின் வாயிலிலும் இணைக்கயல் பொறிக்கப்பட்ட கல் ஒன்று உள்ளது.

மதுரை நகரின் சமய மரபிலும் மீன் சிறப்பிடம் பெறுகிறது. மீனாட்சி என்னும் பெயருக்கு மீன் போன்ற கண்களை உடையவள் எனப் பொருள் கூறுவர். மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிப்பது போல அம்மன் தன் பார்வையால் உயிர்களைக் காக்கிறாள் என்பது மரபுவழி விளக்கம். பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தின் 64 படலங்களுள் இறைவன் மீனவனாக வந்து வலைவீசிய படலமும், நாரைக்கு முத்தி கொடுத்த படலமும் அடங்கும். பொற்றாமரைக் குளத்தில் மீன்கள் இருக்கலாகாது என நாரை வரம் பெற்றதாகப் பின்னதில் கூறப்படுகிறது. எனவே மீன்விழியாளின் கோயிற்குளம் மீன் இல்லாத குளமாக மரபில் போற்றப்படுகிறது.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. கயல் என்பது கெண்டை வகையைச் சேர்ந்த நன்னீர் மீன் என்று அகராதிகள் பொருள் கூறுகின்றன. ஆனால் கெண்டை என்னும் பெயர் ஒரே இனத்தைக் குறிப்பதன்று. தமிழக நீர்நிலைகளில் பல கெண்டை இனங்கள் உள்ளன. காசுகளிலும் கற்களிலும் உள்ள உருவங்கள் அழகியல் நோக்கில் எளிமைப்படுத்தப்பட்டவை. துடுப்புகளின் கதிர்களையோ செதில்களின் வரிசையையோ எண்ணி இனம் காணும் அளவுக்கு அவற்றில் நுணுக்கம் இல்லை. அரச மரபின் சின்னத்துக்கு "மீன்" என்பதே போதுமானது. தற்கால மாநில மீன் அறிவிப்புக்கோ, அறிவியற் பெயருடன் கூடிய ஓர் இனம் தேவைப்படுகிறது.

மதுரைச் சமவெளியின் நாட்டு மீன்கள்

நீர்நிலைகள்

வருசநாட்டு மலைப்பகுதியில் தோன்றும் வைகை ஆறு சுமார் 258 கிலோமீட்டர் நீளம் கொண்டது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் வழியாக இது செல்கிறது. ஆண்டு முழுவதும் நீரோட்டம் இல்லாத ஆறு இது. 1895 ஆம் ஆண்டு முதல் முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகை வடிநிலத்துக்கு வருகிறது. ஆண்டிபட்டிக்கு அருகே கட்டப்பட்ட வைகை அணை 1959 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

ஆற்றைக் காட்டிலும் இப்பகுதியின் மீன்வளம் கண்மாய்களையே சார்ந்துள்ளது. கண்மாய் என்பது மழைநீரையும் கால்வாய் நீரையும் தேக்கி வைக்கும் ஏரியைக் குறிக்கும் பாண்டி நாட்டு வழக்காகும். மேல் கண்மாய் நிறைந்ததும் மிகை நீர் கலுங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்குச் செல்லும். இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்த கண்மாய்கள் வழியே மீன்களும் நீரோடு பரவுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் நிறையும் கண்மாய்கள் பல கோடையில் வற்றிவிடுகின்றன. எனவே வறட்சியைத் தாங்கவோ, நீர் வந்ததும் விரைந்து பெருகவோ வல்ல மீன்களே இங்கு நிலைத்துள்ளன.

முதன்மையான இனங்கள்

அயிரை: விரல் நீளத்துக்கு மேற்படாத சிறிய மீன். உடல் நீண்டு, மணல் நிறத்தில் கரும்புள்ளிகளுடன் காணப்படும். வாயைச் சுற்றி மீசைகளும், கண்ணுக்குக் கீழே விரியக்கூடிய சிறு முள்ளும் உண்டு. மணலும் சேறும் கலந்த அடித்தளத்தில் புதைந்து வாழும். இதன் அறிவியற் பெயர் லெப்பிடோசெப்பாலிக்திசு தெர்மாலிசு. இவ்வினம் 1846 ஆம் ஆண்டில் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் என்பவரால் விவரிக்கப்பட்டது. திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்த மாதிரியைக் கொண்டு விவரிக்கப்பட்டதால் வெப்பத்தைக் குறிக்கும் "தெர்மாலிசு" என்னும் பெயர் அமைந்தது. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் வாழிடங்கள். மதுரையின் உணவு மரபில் அயிரை மீன் குழம்பு தனிப் புகழ் உடையது. உயிருடன் வாங்கிய அயிரையைப் பாலிலோ மோரிலோ விட்டு, அது உட்கொண்ட மண்ணைக் கக்கச் செய்த பின்னர் சமைப்பது வழக்கம்.

விரால்: பாம்பின் தலையை ஒத்த தலையும் உருண்ட நீண்ட உடலும் கொண்ட கொன்றுண்ணி மீன். அறிவியற் பெயர் சன்னா சிட்ரையேட்டா. செவுள்களுக்கு மேலுள்ள அறையின் துணையால் காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்லது. ஆகையால் நீர் குறைந்த சேற்றிலும் பல நாட்கள் உயிர்வாழும். பெற்றோர் மீன்கள் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்பது இதன் சிறப்பியல்பு. குறவை இதன் நெருங்கிய உறவினம்.

கெண்டைகள்: சிறு கெண்டை இனங்கள் பல கூட்டமாக வாழ்கின்றன. வயல் வாய்க்கால்களிலும் கண்மாய் ஓரங்களிலும் முட்டையிடுகின்றன. பெரிய மீன்களுக்கும் கொக்கு, நாரை போன்ற பறவைகளுக்கும் இவை இரையாகின்றன.

பிற மீன்கள்: கெளுத்தி, தேளி, உளுவை, ஆரல், வாளை, விலாங்கு ஆகியனவும் குறிப்பிடத்தக்கவை. விலாங்கு கடலில் இனப்பெருக்கம் செய்து ஆற்று வழியே உள்நாட்டுக்கு ஏறி வருவது. ஆகவே ஆறு கடலோடு இணைந்திருந்தால் மட்டுமே இதன் வாழ்க்கைச் சுழற்சி நிறைவடையும்.

மீன்பிடித் திருவிழா

கோடையில் கண்மாய் நீர் வற்றும்போது மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம், சிங்கம்புணரி முதலிய பகுதிகளின் ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடைபெறுகிறது. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருக்கும் மக்கள் ஒரே நேரத்தில் கண்மாயில் இறங்குவர். அடிப்புறம் திறந்த மூங்கில் கூடையான ஊத்தா, கச்சா, வலை ஆகியவை கொண்டு மீன் பிடிப்பர். சாதி, சமய வேறுபாடின்றிப் பல ஊரார் கலந்துகொள்வர். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்து உண்பதும் உறவினருக்குப் பகிர்வதும் மரபாகும். இவ்வாறு செய்தால் நல்ல மழை பெய்து வேளாண்மை செழிக்கும் என்பது மக்களின் நம்பிக்கை.

அச்சுறுத்தல்கள்

நாட்டு மீன்கள் குறைவதற்குப் பின்வருவன முதன்மைக் காரணங்களாக உள்ளன.

1. அயல் இனங்கள்: சிலேபி எனப்படும் திலாப்பியா ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது, 1952 ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விரைந்து பெருகும் தன்மையால் இது நாட்டு மீன்களின் உணவையும் முட்டையிடும் இடங்களையும் கைப்பற்றுகிறது. வளர்ப்பதற்குத் தடை விதிக்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி, பிற மீன்களை உண்டு அழிக்கிறது.

2. இடம் மாற்றப்பட்ட இனங்கள்: கண்மாய்களின் மீன்பிடி உரிமை "மீன்பாசி ஏலம்" வழியாகக் குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரர்கள் விரைவில் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுகின்றனர். இவை கங்கை முதலிய வட இந்திய ஆறுகளுக்கு உரியவை. இந்திய மீன்களே ஆயினும் வைகைக்கு அவை நாட்டு மீன்கள் ஆகா. நாட்டு மீன் என்பதை நாட்டின் எல்லையால் அன்றி, ஆற்று வடிநிலத்தின் எல்லையால் வரையறுக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

3. வாழிட இழப்பு: மதுரை நகரின் வளர்ச்சியால் வண்டியூர், மாடக்குளம், செல்லூர் போன்ற கண்மாய்கள் குடியிருப்புகளால் சூழப்பட்டுள்ளன. வரத்துக் கால்வாய்கள் அடைபடும்போது கண்மாய்ச் சங்கிலி அறுபடுகிறது. கழிவுநீர் கலந்து ஆகாயத்தாமரை படர்ந்த நீரில் உயிர்வளி குறைகிறது. காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் சிலவே அத்தகைய நீரில் தாக்குப்பிடிக்கின்றன.

4. மணல் அள்ளுதல்: ஆற்று மணலில் புதைந்து வாழும் அயிரை போன்ற மீன்களுக்கு மணலே வீடாகும். மணல் அகற்றப்பட்டால் அவற்றுக்கு மறைவிடமும் உணவும் இல்லாமற் போகின்றன.

அறிவிப்பின் பயனும் எல்லையும்

மாநில மீன் என்னும் தகுதி தானாகவே சட்டப் பாதுகாப்பை வழங்குவதில்லை. அம்மீனைப் பிடிப்பதற்கோ விற்பதற்கோ தடை விதிக்க வேண்டுமாயின் தனி விதிகள் தேவை. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடை செய்தது. அத்தடை எல்லா மீன்களுக்கும் பொதுவானது.

அறிவிப்பு மட்டும் போதாது என்பதற்கு இரண்டு மாநில மீன்கள் சான்றாகின்றன. மேற்கு வங்காளத்தின் இலிசா கடலில் இருந்து கங்கையில் ஏறி முட்டையிடும் மீன். 1975 ஆம் ஆண்டில் செயற்பாட்டுக்கு வந்த பராக்கா தடுப்பணை அதன் பாதையை மறித்தது. அதற்கு மேற்பட்ட கங்கைப் பகுதியில் இலிசா வரத்து பெரிதும் குறைந்தது. மணிப்பூரின் பெங்பா, மியன்மாரின் சிந்துவின் ஆற்றில் இருந்து லோக்தாக் ஏரிக்கு வலசை வந்த மீன். 1983 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய இத்தாய் தடுப்பணையால் அவ்வலசை தடைப்பட்டது. இன்று மணிப்பூரில் அம்மீன் பெரும்பாலும் பண்ணைகளில் வளர்க்கப்படுகிறது. இவ்விரண்டு மீன்களும் மாநிலச் சின்னமாவதற்கு முன்னரே தம் பாதைகளை இழந்திருந்தன.

மறுபுறம், அறிவிப்பு திட்டங்களுடன் இணையும்போது பயன் விளைகிறது. கேரள அரசு கரிமீனை மாநில மீனாக அறிவித்ததோடு 2010-11 ஆம் ஆண்டைக் கரிமீன் ஆண்டாகவும் கடைப்பிடித்து, அதன் வளர்ப்பை ஊக்குவித்தது. வங்காளதேசத்தில் ஆண்டுதோறும் இலிசா முட்டையிடும் பருவத்தில் 22 நாட்கள் மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டு, மீனவர்களுக்கு அரிசி வழங்கப்படுகிறது. சின்னத்தின் மதிப்பு அதனைத் தொடரும் நடவடிக்கையைப் பொறுத்தே அமைகிறது.

தமிழ்நாட்டுக்குப் பொருந்தக்கூடிய மீன்கள்

மாநில மீனைத் தேர்வதில் பொதுவாக நான்கு அளவைகள் கருதப்படலாம். அம்மீன் அந்நிலத்துக்கு உரியதாக இருத்தல், மக்களால் அறியப்பட்டிருத்தல், எளிதில் இனங்காணத் தக்கதாக இருத்தல், அதன் பாதுகாப்பு பிற உயிர்களுக்கும் பயன் தருதல் ஆகியன அவை. இவற்றின்படி தமிழகத்தின் நாட்டு மீன்கள் சிலவற்றைப் பின்வருமாறு ஒப்பிடலாம்.

- கயல்: வரலாற்றுச் சிறப்பு மிக்கது. எனினும் எந்த இனம் என வரையறுக்க இயலாதது.
- விரால்: யாவரும் அறிந்தது, வளர்ப்புக்கும் ஏற்றது. ஆனால் ஆசியாவின் பல நாடுகளில் பரவியுள்ளது. ஏற்கெனவே தெலங்காணாவின் சின்னமாக உள்ளது.
- அயிரை: தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது; மதுரைப் பகுதியில் வீடுதோறும் அறியப்பட்டது. இன அளவில் அழியும் நிலையில் இல்லை. தூய மணலையும் தெளிந்த நீரையும் சார்ந்திருப்பதால் ஆற்றின் நலத்தைக் காட்டும் குறியீடாக அமையலாம்.
- தாமிரபரணிக் கெண்டை: 1954 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. தாமிரபரணி ஆற்றுக்கே உரியது. பாதுகாப்பு மிகவும் தேவைப்படுவது. ஆனால் பொதுமக்களால் அதிகம் அறியப்படாதது.
- திமில் மகசீர்: காவிரி வடிநிலத்துக்கே உரிய மிகப் பெரிய மீன். 2018 ஆம் ஆண்டில் மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. இதன் அறிவியற் பெயரான தோர் ரெமாதேவி, சென்னையில் பணியாற்றிய மீனியலாளர் க. இரெமாதேவியைச் சிறப்பிக்கும் வகையில் அமைந்தது. மோயாற்றில் இன்றும் எஞ்சியுள்ளது.

இவற்றுள் முதல் மூன்றும் மதுரைச் சமவெளியோடு தொடர்புடையவை. பண்பாட்டு அடையாளம் முதன்மை எனக் கொண்டால் கயலும், மக்கள் வாழ்வோடு உள்ள பிணைப்பை முதன்மையாகக் கொண்டால் அயிரையும் விராலும், அழிவில் இருந்து காத்தல் முதன்மை எனக் கொண்டால் தாமிரபரணிக் கெண்டையும் திமில் மகசீரும் முன்நிற்கின்றன. ஆகவே எம்மீனைத் தேர்வது என்னும் வினா, சின்னத்தினால் எதனைக் காக்க விரும்புகிறோம் என்னும் வினாவாகவே அமைகிறது. பாண்டியரின் மீன் கல்லிலும் காசிலும் பொறிக்கப்பட்டதால் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து நிலைத்துள்ளது. கண்மாயில் வாழும் மீன் நிலைப்பதற்கோ வரத்துக் கால்வாயும், மணலும், கழிவு கலவாத நீரும் இன்றியமையாதவை ஆகும்.